எல்ல ராக்: முழங்கால் வலி அப்பா, ஒன்பது வயசுப் பொண்ணு, ஒரு நாள் ஏற்றம். சரிப்படுமா?

நடராஜா சர்வீஸ் | திங்கள், இரவு 9.40

வணக்கம் மக்களே. ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் குடும்பத்தோட இலங்கை போறோம். கண்டியில ரெண்டு நாள், அங்கேருந்து ரயில்ல எல்லங்கிற மலையூர், அங்க மூணு நாள். ஆள் கணக்கு: நான், வீட்டம்மா, ஒன்பது வயசுப் பொண்ணு, அறுபத்தாறு வயசு அப்பா. அப்பா அழகர்கோவில்லேர்ந்து பழமுதிர்சோலைக்கு இன்னைக்கும் நடந்துதான் போவார். ஆனா போன வருசத்துலேர்ந்து இறங்கும்போது இடது முழங்கால் பிடிக்குது. ஏறும்போது ஒண்ணும் தெரியலைங்கிறார்.

அந்த ஊர் மலையான எல்ல ராக் பத்தித் தேடினா ஒருத்தர் 'பூங்காவுல நடக்கிற மாதிரி'ங்கிறார், அடுத்தவர் 'நாக்கு தள்ளிருச்சு'ங்கிறார். ரெண்டு பேரும் ஒரே மலையைத்தான் ஏறினாங்களான்னு சந்தேகமா இருக்கு. போனவங்க சொல்லுங்க. நாலு பேருக்கும் சரிப்படுமா? வழிகாட்டி வேணுமா? ஆகஸ்ட்ல மழை எப்படி?


குட்டிச்சுவர் | திங்கள், இரவு 10.15

மலை ஒண்ணும் கஷ்டமே இல்லை. மலைக்குப் போற வழிதான் கஷ்டம்.

நாங்க நாலு பசங்க போயிருந்தோம். ரயில் தண்டவாளம் ஓரமா நடந்து, கித்தல் எல்ல ஸ்டேஷனைத் தாண்டி, இடது பக்கம் இறங்கணும்னு எழுதி வச்சிருந்தோம். அங்க ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பாதை மூடியாச்சு, மண் சரிஞ்சிருச்சு, வாங்க நான் வேற வழி காட்டுறேன்"னு இங்கிலீஷ்ல சொன்னார். நம்பிட்டோம். தோட்டத்துக்குள்ள சுத்தி சுத்தி முக்கால் மணி நேரம் கூட்டிட்டுப் போய், காட்டு ஓரத்துல விட்டுட்டு 4,000 ரூபாய் கேட்டார். திரும்பி வரும்போது மூடினதாச் சொன்ன பாதையிலேயே வந்தோம். ஒரு கல்லுகூட சரியலை. ஸ்கூல் பையன் ஒருத்தன் அதுல சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தான்.

வழிகாட்டி வேண்டாம். போன்ல ஆஃப்லைன் மேப் இறக்கிக்கங்க, யார் என்ன சொன்னாலும் சிரிச்சிட்டுப் போயிட்டே இருங்க.


முற்றத்து மல்லிகை | செவ்வாய், காலை 6.50

நாங்கள் யாழ்ப்பாணத்திலயிருந்து ரெண்டு தரம் போனனாங்கள். ஒருக்கா மாசியில, ஒருக்கா கார்த்திகையில. மாசியில போனது அவ்வளவு வடிவு. கார்த்திகையில போனது ஏன் போனமெண்டு இருந்தது. அட்டை எண்டால் அப்பிடி அட்டை! மகளின்ர சப்பாத்துக்குள்ள மாத்திரம் ஏழு. அவள் கத்தின சத்தம் வெல்லவாய வரைக்கும் கேட்டிருக்கும்.

சின்னப் பிள்ளையள் ஏறுவினம், பயப்பிடாதேங்கோ. என்ர மகளுக்கு அப்ப எட்டு வயசு. பெரியாக்களுக்குத்தான் யோசிக்கவேணும், கடைசி முக்கால் மணித்தியாலம் நல்ல செங்குத்து. உங்கட அப்பாவுக்கு ஏலாதெண்டால் 'லிட்டில் ஆடம்ஸ் பீக்' இருக்கு. 1,141 மீற்றர், தேயிலைத் தோட்டத்துக்கால நல்ல பாதை, கடைசியில படிக்கட்டு, மேல புத்தர் சிலை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஆறுதலாப் போயிடலாம். எல்ல ராக் அதுக்கு நேர எதிர்ப்பக்கம்தான் நிக்குது.

ஒண்டு சொல்ல மறந்திட்டன். ஆகஸ்ட்டில கண்டிப் பெரஹரா ஊர்வலமும் வரும், நல்லூர்த் திருவிழாவும் வரும். ரயில் ரிக்கற்றை ஒரு மாசத்துக்கு முன்னமே பதிஞ்சு போடுங்கோ.


ஊவாக்காற்று | செவ்வாய், இரவு 8.05

நான் ஹாலிஎல ஆள், எல்லயிலேருந்து பஸ்ல கொஞ்ச தூரம்தான். எத்தனை தரம் ஏறினேன்னு கணக்கில்லை. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல உயரம். எல்ல ஸ்டேஷனே 1,041 மீட்டர்ல இருக்கு. எல்ல ராக் உச்சி சுமார் 1,350. அப்படின்னா நீங்க ஏறப்போறது முன்னூறு மீட்டர் சொச்சம். இதுதான் 'பூங்கா'ன்னு சொன்னவர் கணக்கு. ஆனா அந்த முன்னூறையும் வழி நெடுக பங்கு போட்டு ஏறுறது கிடையாது. தண்டவாளத்துல கிட்டத்தட்ட சமதரை. ஓடைக்கு இறங்குறீங்க, இறங்கினதையும் சேர்த்துத் திரும்ப ஏறுறீங்க. தேயிலை, மரக்கறித் தோட்டம், ஆளுயர மானாப்புல்லு, இதுவரைக்கும் மெல்லத்தான் ஏறும். மிச்சம் எல்லாத்தையும் யூகலிப்டஸ் காட்டுக்குள்ள ஒரே மூச்சில ஏத்தும். அங்கதான் 'நாக்கு தள்ளிருச்சு'ன்னவர் உட்கார்ந்திருப்பார். ரெண்டு பேரும் ஒரே மலையைத்தான் ஏறினாங்க, எழுதும்போது வேற வேற இடத்தை நெனச்சிக்கிட்டாங்க.

வழி: எல்ல ஸ்டேஷன்லேருந்து பண்டாரவளைப் பக்கமா நடக்கணும். நிறையப் பேர் தெமோதரைப் பக்கமா நடந்து ஒன்பது வளைவுப் பாலத்துல போய் நிக்கிறாங்க. அது 1921ல கட்டின அருமையான பாலம்தான், ஆனா உங்க மலை அதுக்கு எதிர்த்திசை. கித்தல் எல்ல ஸ்டேஷனைத் தாண்டி சில நூறு மீட்டர்ல இடது கையில ஒத்தையடிப் பாதை இறங்கும். கீழ ஓடை, சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டின பிறகுதான் கிளைகள் ஆரம்பிக்கும். நாலஞ்சு இடத்துல பாதை ரெண்டாப் பிரியும், எல்லாமே நடந்து தேஞ்ச பாதை மாதிரியே இருக்கும். ஏன்னா எல்லாமே யாராவது வேலைக்குப் போற பாதைதான்.

தண்டவாளத்துல நடக்கிறது சட்டப்படி குத்தம். எல்லாரும் நடக்கிறாங்க, நானும் நடந்திருக்கேன், ஆனா அப்பாவையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சிலிப்பர் கட்டை இடைவெளி யாருடைய காலுக்கும் பொருந்தாது. ஒண்ணொண்ணா வச்சா குறுகல், ரெண்டு ரெண்டா வச்சா எட்டாது. முழங்கால் வலி உள்ளவருக்கு மலையைவிட இதுதான் கெடுதல். எல்ல டவுன்லேருந்து கித்தல் எல்ல கிட்ட வரைக்கும் ஆட்டோ பிடிச்சிருங்க.

இப்ப வழிகாட்டி விஷயம். குட்டிச்சுவர் தம்பிக்கு நடந்தது எனக்குத் தெரியும், வருசா வருசம் நடக்குது, அது ஏமாத்துதான். ஆனா மறுபக்கமும் இருக்கு. அந்தச் சரிவுல போஞ்சியும் (பீன்ஸ்) கறிமிளகாயும் போட்டிருக்கிறவங்க இருக்காங்க. வழி தவறுற ஒவ்வொரு கூட்டமும் பாத்திக்குள்ள இறங்கித்தான் குறுக்கால போகுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் ஒரு சீசன்ல மூணு தரம் போஞ்சிக் கம்பை நட்டார். அவரே கடைசியில ஒரு கல்லுல அம்புக்குறி வரஞ்சார், தன் தோட்டத்துக்கு வெளிய சுத்திப் போற மாதிரி. அதைப் பாத்து 'இது வேணும்னே தப்பா வழி காட்டுற அம்பு'ன்னு வெள்ளைக்காரன் எழுதிட்டான்!

அதனால என் யோசனை: தங்குற விடுதியில சொல்லி, முதல் நாளே ஆளையும் பணத்தையும் பேசி முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க. வழியில வந்து ஒட்டிக்கிறவர் வேண்டாம்.


குட்டிச்சுவர் | செவ்வாய், இரவு 8.40

அண்ணே, போஞ்சி கதை எனக்குத் தெரியாது. நாங்களும் ஒரு பாத்தியைத் தாண்டித்தான் போனோம்னு இப்ப ஞாபகம் வருது. ஆனாலும் அந்த 4,000 வயித்தெரிச்சல் போகாது.


கல்லடிப்பாலம் | புதன், காலை 11.20

ஆகஸ்ட் மழையப் பத்தி ஒருத்தரும் சரியாச் சொல்லல்ல. நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் மே முடிய கச்சான் காத்து தொடங்கும். மலையிலருந்து இறங்கி வாற காத்து, சூடும் வறட்சியும். அந்தக் காத்து எங்களுக்கிட்ட வாறதுக்கு முன்னம் எங்க மழையக் கொட்டித்து வருகுது? நுவரெலியா, ஹட்டன் பக்கம். மேற்குச் சரிவு நனைஞ்சு கிடக்கக்குள்ள, எல்ல இருக்கிற ஊவாப் பக்கம் காஞ்சு கிடக்கும்.

கண்டியிலருந்து ரயில்ல போறீங்கதானே, அதை நீங்களே பாப்பீங்க. பட்டிப்பொல ஸ்டேஷன் 6,226 அடி, அந்தப் பாதையில அதுதான் ஆக உயரமான ஸ்டேஷன். அதுக்கும் ஓஹியவுக்கும் இடையில ஒரு சுரங்கம் வரும். உள்ளுக்குப் போகக்குள்ள மூடுபனி, தூறல். வெளிய வந்தா வெயில். எல்லா நாளும் அப்பிடி இருக்காது, ஆனா ஆகஸ்ட்டில பாக்கக் கிடைக்கிறதுக்கு வாய்ப்பு கூட.

மறுகா, காத்தையும் யோசிங்க. உச்சியில விளிம்பு ஓரத்துல வேலி ஒண்டும் இல்ல. பிள்ளையின்ட கையப் பிடிச்சுக்கங்க, தொப்பியயும் பிடிச்சுக்கங்க.


ஊவாக்காற்று | புதன், இரவு 7.30

கல்லடிப்பாலம் சொன்னது நூத்துக்கு நூறு. என் பேரே அந்தக் காத்துதான். ஜூலையிலேருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த வறண்ட காத்து தேயிலைக் கொழுந்தை வாட்டி வாட்டி, அந்தக் காலத்துத் தேத்தண்ணிக்கு மட்டும் ஒரு வாசம் குடுக்கும். குடிச்சா தொண்டையில புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி. உலகச் சந்தையில ஊவா தேயிலைன்னு தனி விலை போறது அந்த மூணு மாசத்துக் கொழுந்துதான். நீங்க வர்றது சரியா அந்த நேரம். மலை ஏறினாலும் ஏறாட்டியும் அதைக் குடிக்காமப் போயிராதீங்க.

காஞ்ச காலத்துல இன்னொரு ஆபத்து தீ. மானாப்புல்லு பெட்ரோல் மாதிரி பத்தும். புகை தெரிஞ்சா ஏற வேணாம், ஏறிக்கிட்டு இருந்தா இறங்கிருங்க. சிகரெட்டை விடுதியிலேயே வச்சிட்டு வாங்க.

ஐப்பசி, கார்த்திகைன்னா பேச்சே வேற. 2014 அக்டோபர் 29ல கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்துல தொழிலாளர் வீடுங்க லயன் லயனா மண்ணுக்குள்ள போச்சு. அது இங்கேருந்து ரொம்ப தூரம் இல்லை. அதுக்குப் பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டா நாங்க வாயை மூடிக்கிட்டுக் கேட்போம். மஞ்சள்னா கவனம், செம்மஞ்சள்னா கிளம்பத் தயார், சிவப்புன்னா கிளம்பு. மழைக்காலத்துல வர்றவங்க வெதர் ஆப்பைப் பாக்குற மாதிரி இதையும் பாருங்க.


கோத்தகிரிக்காரி | வியாழன், மதியம் 2.10

இந்த இழையைப் படிச்சிட்டு வேலை ஓடலை. எங்க பாட்டி பண்டாரவளைப் பக்கத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தாவோட இந்தியா அனுப்பினாங்க, இங்க டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்துல வேலை. கடைசி வரைக்கும் எங்க மலையைப் பாத்து "இதெல்லாம் ஒரு மலையா"ன்னுதான் சொல்லுவாங்க. நீலகிரி அதைவிட உயரம்னு நான் ஸ்கூல் புக்கைக் காட்டி நிரூபிச்சும் ஒத்துக்கலை.

அட்டைக்கு பாட்டி வைத்தியம்: கட்டிச் சோப்பை ஈரமாக்கி கணுக்காலுல நுரை காயுற மாதிரி தடவிடணும். சாக்ஸுக்கு மேலயும்.


முற்றத்து மல்லிகை | வியாழன், மாலை 5.00

சவக்காரம் நல்லது. நாங்கள் சித்தாலேப எண்ட மூலிகைத் தைலம் பூசினனாங்கள், அதின்ர மணத்துக்கு அட்டையும் வராது, ஆக்களும் கிட்ட வராயினம்.


நடராஜா சர்வீஸ் | வியாழன், இரவு 10.30

எல்லாருக்கும் பெரிய கும்பிடு. முடிவு: முதல் நாள் லிட்டில் ஆடம்ஸ் பீக், அப்பா காலைப் பாத்துக்கிட்டு ரெண்டாவது நாள் எல்ல ராக். ஆட்டோ, பேசி முடிச்ச வழிகாட்டி, விடியக்காலை கிளம்புறது. போயிட்டு வந்து எழுதுறேன். எழுதலைன்னா அட்டை தின்னுருச்சுன்னு வச்சுக்கங்க.


நடராஜா சர்வீஸ் | (மூணு வாரம் கழிச்சு) ஞாயிறு, காலை 9.15

அட்டை ஒண்ணுகூட இல்லை. சோப்பு போட்டு போட்டு எங்க நாலு பேர் காலும் பளபளன்னு இருந்ததுதான் மிச்சம்.

வரிசையாச் சொல்றேன். கல்லடிப்பாலம் சொன்ன சுரங்கம்: நானுஓயாவுல ஜன்னலைச் சாத்துற அளவுக்குத் தூறல். பட்டிப்பொல தாண்டி, சுரங்கத்துக்குள்ள பசங்க எல்லாம் 'ஹூ'ன்னு கத்தி, வெளிய வந்தா சுள்ளுனு வெயில். எங்க அப்பா கைக்கடிகாரத்தைப் பாத்தார், மதியம் ஆயிருச்சோன்னு.

லிட்டில் ஆடம்ஸ் பீக் பத்திப் பெருசா ஒண்ணும் இல்லை. அழகு, சுலபம், கூட்டம். அங்க நின்னு எதிர்ல எல்ல ராக்கைப் பாத்ததும் வீட்டம்மா "இதுலயா ஏறப்போறோம்"னு ஒரு தடவைதான் கேட்டா. அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசலை. ஆனா இறங்கி வர்ற வழியில ஒண்ணு. தேயிலைக்கு நடுவுல ஒரு அம்மா தலையில துண்டும் முதுகுல கூடையுமா நின்னாங்க. போட்டோ எடுக்கலாமான்னு நான் கையைக் காட்டி இங்கிலீஷ்ல கேக்குறேன், அவங்க "எந்த ஊரு தம்பி?"ங்கிறாங்க. மதுரைன்னதும் "அப்ப துறையூர் தெரியுமா? எங்க பாட்டனாரு ஊரு"ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். திருச்சி தாண்டி பஸ்ல போகும்போது பேர்ப்பலகை பாத்திருக்கேன், அவ்வளவுதான் என் தெரியும். அது போதுமா இருந்தது அவங்களுக்கு. அப்பா மட்டும் அவங்களோட பத்து நிமிசம் நின்னு பேசினார். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்ததுன்னு சொன்னாங்களாம். படியிறங்கும்போது என்னைப் பாத்து "மூணு லட்சம் செலவு பண்ணி வந்து புல்லைப் பாக்குறோம்"னார். பதில் சொல்லலை.

எல்ல ராக் அன்னைக்கு காலை அஞ்சரைக்கு ஆட்டோ. விடுதிக்காரர் சொல்லிவிட்ட வழிகாட்டி இருபத்திரெண்டு வயசுப் பையன். ரேட்டு முதல் நாளே பேசியாச்சு, குட்டிச்சுவர் குடுத்ததைவிடக் கம்மி. ஓடைப் பாலம் வரைக்கும் நானே போயிருப்பேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் மூணாவது பிரிவுல மேப் என்னை இடது பக்கம் போகச் சொன்னது, பையன் வலது பக்கம் போனான். இடது பக்கம் இருபதடி தள்ளி போஞ்சித் தோட்டம். கம்பு கம்பா நட்டு, கொடி சுத்தி, அடியில இப்பத்தான் தண்ணி விட்ட ஈர மண்ணு. அந்த ஈரத்துல ஷூ தடம் ஒண்ணு ஆழமாப் பதிஞ்சிருந்தது, ரெண்டு கம்பு சாஞ்சு கிடந்தது. என் பொண்ணு நிமிர்த்தி வைக்கப் போனா, பையன் வேண்டாம்னு தடுத்தான். உள்ள கால் வச்சா இன்னும் கெடும்னான்.

மானாப்புல்லு என் தலைக்கு மேல. பனியில நனைஞ்சு சட்டை முழுக்க ஈரம். அப்புறம் யூகலிப்டஸ் காடு. ஊவாக்காற்று சொன்ன அந்த 'ஒரே மூச்சு' எங்களுக்கு ஒன்பது மூச்சாச்சு. வேரையே படியா வச்சு ஏறணும். பையன் கீழ விழுந்து கிடந்த கிளையில அப்பாவுக்கு ரெண்டு குச்சி ஒடிச்சுக் குடுத்தான். பொண்ணு முன்னாடி ஓடி ஓடி, "இன்னும் எவ்ளோ தூரம்"னு கேட்டு, பதிலைக் கேக்காம மறுபடி ஓடிட்டிருந்தா. எட்டேகாலுக்கு உச்சியில நின்னோம்.

மேல என்ன இருக்குன்னு கேட்டா, ஒண்ணும் இல்லை. பாறை விளிம்பு, அதுக்கப்புறம் காத்து. எதிர்ல நேத்து ஏறின மலை, மண் குவிச்சு வச்ச மாதிரி சின்னதா. ரெண்டுக்கும் நடுவுல பள்ளம். அதுக்குள்ள வெல்லவாய ரோடு வளைஞ்சு வளைஞ்சு இறங்குது, பஸ் ஒண்ணு தீப்பெட்டியளவுல ஒவ்வொரு வளைவுலயும் மறைஞ்சு மறைஞ்சு வருது. தெற்கால பள்ளம் திறந்து சமவெளி, அதுக்கப்புறம் புகை மூட்டம். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து துண்டை இறுக்கித் தலையில கட்டிக்கிட்டார். நாப்பது நிமிசம் எழுந்திரிக்கலை. 'புல்லைப் பாக்குறோம்' பேச்சு வரலை. ஒன்பதரைக்கு கீழேருந்து மேகம் கிளம்பி வந்து எதிர்மலையை மூடிருச்சு. பத்து மணிக்கு மேல ஏறி வந்தவங்க வெறும் வெள்ளையைப் பாத்துட்டு நின்னாங்க.

இப்ப முக்கியமான விஷயம், இறக்கம். அப்பா ரெண்டு குச்சியையும் ஊன்றி, பக்கவாட்டுல ஒவ்வொரு அடியா, ஒரு தடவைகூட வழுக்காம இறங்கினார். விழுந்தது நான். காஞ்ச யூகலிப்டஸ் இலை மேல காலை வச்சேன், எண்ணெய்ல வச்ச மாதிரி போச்சு. உள்ளங்கை தேய்ஞ்சு, பேன்ட் கிழிஞ்சு, பொண்ணு சிரிச்சு. பையன் ஒண்ணும் சொல்லாம எனக்கும் ஒரு குச்சி ஒடிச்சான். அதனால இதே கேள்வியோட வர்றவங்களுக்கு: முழங்கால் வலி இருந்தாலும் போகலாம். குச்சி ரெண்டு, ஒண்ணு பத்தாது. ஏற ரெண்டு மணி நேரம்னா இறங்கவும் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, அவசரப்படுத்தாதீங்க. தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டர். மேல கடைக்காரங்க விக்கிறாங்க, விலை மலையைவிட உயரம்.

டீயும் குடிச்சேன். அந்தப் புதினா விஷயம் உண்மைதான். அரைக் கிலோ வாங்கிட்டு வந்திருக்கேன், வீட்டம்மா பால் ஊத்திப் போட்டுட்டா.


கோத்தகிரிக்காரி | ஞாயிறு, காலை 10.05

பாலா!! ஐயோ. பாட்டி இருந்தா உங்க வீட்டுக்கே வந்திருப்பாங்க.


முற்றத்து மல்லிகை | ஞாயிறு, மதியம் 12.30

நல்ல சந்தோசம். அப்பாவிட்ட நான் கேட்டதெண்டு சொல்லுங்கோ. அந்தக் குச்சியளை என்ன செய்தனீங்கள்? வீட்ட கொண்டு வந்தவரோ?


நடராஜா சர்வீஸ் | ஞாயிறு, மதியம் 1.00

கொண்டு வரணும்னுதான் அடம். ப்ளைட்ல விட மாட்டாங்கன்னு சொல்லி, ஓடைப் பாலத்துக்குப் பக்கத்துல மூணையும் சாத்தி வச்சிட்டு வந்தோம். அடுத்துப் போறவங்க எடுத்துக்கங்க.


ஊவாக்காற்று | ஞாயிறு, இரவு 7.20

அதெல்லாம் இன்னேரம் போஞ்சிக்கு நட்டிருப்பாங்க.